கெல்டிக் சிலுவை வானத்தை அளந்த கருவியா? கடலூர்க் கல்லறைக் கல் ஒன்றிலிருந்து எழுந்த கேள்வி

கெடிலக்கரையான் (கடலூர்), கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் முதுநகர்ப் பக்கம், ஆங்கிலேயர் காலத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் சென்ற மார்கழியில் ஒரு கல்லைப் பார்த்தேன். அது ஒரு சிலுவை. நான்கு கைகளும் கூடும் இடத்தைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது. கைகளின் முனைகள் அந்த வளையத்தைத் தாண்டி வெளியே நீள்கின்றன. தண்டு முழுவதும், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாதபடி பின்னிச் செல்லும் இழைகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. மார்கழி மாதத்தில் தெருவெல்லாம் சிக்குக் கோலம் பார்த்துவிட்டுச் சென்ற கண்ணுக்கு, அதே கோலத்தைக் கல்லில் வெட்டி வைத்தது போல இருந்தது. இதனைக் கெல்டிக் சிலுவை என்பார்கள் என்றும், இதன் மூல வடிவங்கள் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் கி.பி. 8 முதல் 10 ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் ஆளுயரத்துக்கும் மேலாக நிறுத்தப்பட்ட கற்சிலுவைகள் என்றும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

அப்படிப் படிக்கும்போதுதான் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிரைட்டன் மில்லர் என்பவரின் கருத்து கண்ணில் பட்டது. இந்த வடிவம் சமயச் சின்னமாவதற்கு வெகு காலத்துக்கு முன்பே ஓர் அளவைக் கருவியாக இருந்தது. சிலுவை பிடியாகவும் நோக்குகோலாகவும், வளையம் பாகைகள் குறித்த அளவுகோலாகவும், அதில் தொங்கும் எடை செங்குத்தைக் காட்டும் நூலாகவும் பயன்பட்டன. பழங்கால மாலுமிகள் இதைக் கொண்டு அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கண்டார்கள். பிரமிடு கட்டியவர்களிடமும் இதுவே இருந்தது என்பது அவர் வாதம்.

நான் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். செய்து பார்க்காமல் ஒன்றை ஏற்கவோ தள்ளவோ எனக்கு மனம் வருவதில்லை. ஆகவே ஒட்டுப்பலகையில் 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள வளையத்துடன் ஒரு சிலுவை அறுத்து, பாகைகளைக் குறித்து (அந்த ஆரத்தில் ஒரு பாகை அரை சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும்), கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு ஒன்றை மையத்திலிருந்து தொங்கவிட்டேன். ஜனவரி இரண்டாம் வாரத்தில், இரவு எட்டு மணிக்கு, சில்வர் பீச்சில் நின்று துருவ விண்மீனை 14 முறை நோக்கினேன். வடக்கே புதுச்சேரி விளக்குகளின் வெளிச்சம் அடிவானத்தை மங்கச் செய்திருந்தபோதிலும் விண்மீன் தெரிந்தது. அளவுகள் 11 முதல் 13½ பாகை வரை சிதறின; சராசரி 12¼ பாகை. துருவத்தின் உயரம் நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகைக்குச் சமம். கடலூரின் அட்சரேகை 11 பாகை 45 கலை (60 கலை ஒரு பாகை). அரை பாகைதான் வேறுபாடு. என் கையால் அறுத்த பலகை நான் நிற்கும் ஊரை ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிட்டது என்று கண்டபோது உடல் சிலிர்த்தது.

ஆகவே என் கேள்வி இது. ஒரு வடிவம் கருவியாக வேலை செய்கிறது என்றால், அது கருவியாகவே பிறந்தது என்று கொள்ளலாமா? கொள்ளக்கூடாது என்றால், வேறு எந்தச் சான்று வேண்டும்? கடல், கல், வானம் ஆகியவற்றோடு பழகியவர்கள் இந்தக் குழுவில் இருப்பதால் கேட்கிறேன்.

முன்னாள் மாலுமி (புதுச்சேரி):

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். சரக்குக் கப்பல்களில் இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினேன். செயற்கைக்கோள் வழிகாட்டி வருவதற்கு முன்பு, வான்பொருள்களின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்டைக் கையில் பிடித்துக் கற்ற தலைமுறை நான். எனவே உங்கள் சிலிர்ப்பு எனக்குப் புரிகிறது.

முதலில் உங்கள் பலகைக்குச் சேர வேண்டிய பாராட்டைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நீங்கள் நினைத்ததை விடவும் துல்லியமாக அளந்திருக்கிறது. துருவ விண்மீன் சரியாகத் துருவத்தில் இல்லை. இன்று ஏறத்தாழ 37 கலை விலகி, துருவத்தைச் சுற்றி ஒரு சிறு வட்டம் இடுகிறது. ஜனவரி இரண்டாம் வாரத்தில் இரவு எட்டு மணிக்கு அது துருவத்துக்கு நேர் மேலே நிற்கும். அப்போது கடலூரிலிருந்து அதன் உயரம் 12 பாகை 22 கலை. காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால் இன்னும் நான்கைந்து கலை கூடும். நீங்கள் கண்ட அரை பாகை வேறுபாட்டில் பெரும்பகுதி மரத்தின் பிழை அன்று, விண்மீனின் இடம். பன்னிரண்டு மணி நேரம் கழித்து அது துருவத்துக்குக் கீழே நிற்கும். இந்த ஏற்ற இறக்கம் ஒன்றேகால் பாகை. தரையில் அது ஏறத்தாழ 140 கிலோமீட்டர். நேரம் அறியாமல் அளப்பவர், கடலூரில் நின்றுகொண்டு தாம் நாகப்பட்டினத்துக்கு அருகில் இருப்பதாகக் கொள்ள இடமுண்டு.

இனி, அந்தக் கற்சிலுவைகள் நிறுத்தப்பட்ட காலத்துக்குப் போவோம். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் துருவம் விண்மீன்களிடையே இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. கி.பி. 900 அளவில் இன்றைய துருவ விண்மீன் துருவத்திலிருந்து 6 பாகைக்கும் மேல் விலகியிருந்தது. அதாவது ஒரே இடத்தில் நிற்பவருக்கு அதன் உயரம் ஓர் இரவுக்குள் 12 பாகைக்கு மேல் மாறும்; அது 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. தரையில் நிற்பவர், நீண்ட குளிர்கால இரவில் ஒரு விண்மீனை அதன் உச்சத்திலும் தாழ்விலும் அளந்து பாதியாக்கினால் துருவத்தின் உயரம் கிடைத்துவிடும். ஆடுகின்ற படகில், கலைந்து கலைந்து மூடும் அட்லாண்டிக் மேகத்தின் கீழ், அது எளிதன்று.

ஆட்டம் என்று சொன்னேன். அதுதான் தூக்குக்குண்டின் முதல் எதிரி. அரை மீட்டர் நூலில் தொங்கும் குண்டு தானாகவே ஏறக்குறைய ஒன்றரை நொடிக்கு ஒருமுறை ஊசலாடும். படகின் உருளலும் அதோடு சேர்ந்தால் நூல் எங்கே நிற்கிறது என்று படிக்கவே முடியாது. கடலில் பழகியவர்கள் நூலை விட்டுவிட்டு அடிவானத்தை அடிப்படையாகக் கொண்டதற்கு இதுவே காரணம்.

தீர்க்கரேகை விஷயத்தில் இந்தக் கருத்தை என்னால் ஏற்கவே இயலவில்லை. தீர்க்கரேகை என்பது நேரம். கடிகாரம் இல்லாதவருக்குச் சந்திரனே கடிகாரம். ஆனால் அது விண்மீன்களிடையே ஒரு மணி நேரத்தில் அரை பாகைதான் நகர்கிறது. உங்கள் பலகையில் ஒரு பாகை பிசகினால் நேரத்தில் இரண்டு மணி பிசகும். தீர்க்கரேகையில் 30 பாகை பிசகும். புதுச்சேரியில் இருப்பவர் தம்மைச் சோமாலியாவின் வடகரையில் வைத்துக் கணக்கிட்டுவிடுவார். அளவுகோலில் ஒரு பாகையை அறுபதாகப் பிரிக்கும் நுட்பம் வரும் வரையில் இந்த வழி அடைபட்டே இருந்தது. 1761 இல் ஜான் ஹாரிசனின் கடிகாரம் கடலில் சோதிக்கப்பட்டபோதுதான் வேறொரு வழி திறந்தது.

நீங்கள் கேட்ட ‘எந்தச் சான்று’ என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ஓமான் கரைக்கு அருகே, வாஸ்கோ ட காமாவின் இரண்டாம் பயணத்தைச் சேர்ந்ததும் 1503 இல் மூழ்கியதுமான கப்பல் என்று ஆய்வாளர்கள் கொள்ளும் ஒன்றின் இடிபாட்டிலிருந்து, 2014 இல் 17.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெண்கல வட்டு ஒன்றை எடுத்தார்கள். போர்ச்சுகல் அரசின் சின்னம் அதில் தெளிவாகத் தெரிந்தது. ஆயினும், அது மாலுமியின் அஸ்ட்ரோலேப் (சூரியன், விண்மீன்களின் உயரத்தை அளக்கும் வட்டக் கருவி) என்பது, லேசர் கொண்டு வருடியபோது ஐந்து ஐந்து பாகையாகச் சீரான இடைவெளியில் வெட்டிய கோடுகள் புலப்பட்ட பின்புதான் உறுதியாயிற்று. வட்ட வடிவம் எவ்வளவு பொருத்தமாக இருந்தபோதிலும் கோடுகள் தெரியும் வரை காத்திருந்தார்கள். அயர்லாந்தின் கற்சிலுவைகளில் வேதாகமக் காட்சிகள் இருக்கின்றன, பின்னல்கள் இருக்கின்றன. பாகைக் கோடுகள் இல்லை. அந்த வடிவில் பாகைக் கோடிட்ட மரமோ உலோகமோ இதுவரை எந்த அகழாய்விலும் கிடைக்கவில்லை.

கல்லுளி (வில்லியனூர்):

வணக்கம். நான் கல் வேலை செய்பவன். வானம் பற்றி மாலுமி ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. வளையம் ஏன் வந்தது என்பதைக் கல்லிடமிருந்தே சொல்கிறேன்.

கல் எவ்வளவு பாரத்தையும் தலையில் தாங்கும். ஆனால் பக்கவாட்டில் நீட்டினால் தன் எடையையே தாங்காமல் ஒடியும். நீட்டிய கையின் மேற்புறம் இழுபடுவதும், கல்லுக்கு இழுவிசை ஆகாது என்பதுமே காரணம். நாங்கள் சிலை வடிக்கும்போது நீண்ட கைக்கும் உடலுக்கும் இடையே கொஞ்சம் கல்லை வெட்டாமல் விட்டுவைப்போம். ஸ்காட்லாந்தின் அயோனாத் தீவில் 8 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித யோவான் சிலுவை ஒன்று இருக்கிறது. அதன் கைகளின் அகலம் 2 மீட்டருக்கும் மேல். அந்தக் கைகள் நிற்காததால் வளையத்தின் கால்வட்டத் துண்டுகள் பின்னர் சேர்க்கப்பட்டன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். படத்தைப் பார்த்தவுடன் நானும் அப்படியே செய்திருப்பேன் என்று தோன்றியது. தாங்குவதற்காக வந்தது பிறகு பொருளும் பெறும். வளையத்தை வெற்றி மாலையாகவும் ஒளிவட்டமாகவும் விளங்கிக்கொள்ளும் மரபு கிறித்தவத்தில் அதற்கு முன்பே இருந்ததனால் இரண்டும் இயல்பாகச் சேர்ந்துகொண்டன.

கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தையே நினைத்துப் பாருங்கள். நடராசர் திருமேனியைச் சுற்றியுள்ள திருவாசி பிரபஞ்சம் என்று விளக்கப்படுகிறது. அதே திருவாசியோடுதான் விரிசடையின் நுனிகளும் பறக்கும் ஆடையின் நுனியும் பல செப்புத் திருமேனிகளில் இணைக்கப்பட்டு உறுதி பெறுகின்றன. பொருளும் பளுவும் ஒரே வளையத்தில் கூடி நிற்பது சிற்பிக்கு அன்றாடம்.

இன்னொன்று. அயர்லாந்தில் மோனஸ்டர்பாய்ஸ் என்ற இடத்து மியூரெடாக் சிலுவை ஏறத்தாழ 5.5 மீட்டர் உயரம். அதைக் கையில் ஏந்தி எவரும் அளக்கவில்லை என்பதை மில்லரும் ஒப்புவார். சிறிய மரக் கருவியின் நினைவுச் சின்னமே அது என்பார். ஆனால் கல்லில் நினைவாக வடிப்பவன் அந்தக் கருவியின் உயிர்நிலையான கோடுகளை விட்டுவிட்டுப் பின்னலை மட்டும் ஏன் வெட்டினான் என்ற கேள்வி எனக்குத் தீரவில்லை. கருவியைத் தெரிந்தவன் கோட்டை விடமாட்டான். கடலூரில் நீங்கள் பார்த்த கல்லைப் பொறுத்தவரை, 19 ஆம் நூற்றாண்டில் இந்த வடிவம் கல்லறைக் கல்லாக மீண்டும் பரவியது. அந்தக் காலத்து ஐரியர்களும் ஸ்காட்லாந்தினரும் தங்கள் ஊர் நினைவாக இங்கே நட்டிருப்பார்கள்.

தேவனாம்பட்டினத்தான்:

ஆசிரியர் ஐயா, நீங்கள் நின்று அளந்தது எங்கள் ஊர்க் கரை. அதனால் உரிமையோடு சொல்கிறேன். அயர்லாந்துச் சிலுவைக்குச் சான்று தேடுவது நல்லதுதான். ஆனால் சான்று உள்ள கருவி ஒன்று நம் கரையிலேயே இருந்திருக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

அதை இராப்பலகை என்று எழுதுவார்கள். அரபு மாலுமிகள் கமால் என்றார்கள். ஒரு சிறு பலகை, அதன் நடுவில் துளை, துளையில் ஒரு நூல், நூலில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்து நூலை இறுக்கிப் பலகையைக் கண்முன் பிடித்தால், கீழ் விளிம்பு அடிவானத்தில் படும்போது மேல் விளிம்பு விண்மீனைத் தொட வேண்டும். கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப் 1836 இல் அரபு மாலுமிகளின் பலகையைப் பற்றி எழுதினார். காங்கிரீவ் என்பவர் 1850 இல் சென்னையில் வெளியான கட்டுரையில், சோழமண்டலக் கரையின் மாலுமிகள் இத்தகைய பலகையில் துறைமுகத்துக்கு ஒரு முடிச்சு இட்டு வைத்திருந்ததை எழுதினார். பாகை எண் ஒன்றும் அதில் இல்லை. ஆனால் முடிச்சுதான் அளவுகோல். கோடு வேண்டும் என்று மாலுமி ஐயா கேட்டாரே, அந்தக் கோடு இங்கே முடிச்சாக இருக்கிறது.

இதில் தூக்குக்குண்டு இல்லை என்பதைக் கவனியுங்கள். படகும் ஆளும் பலகையும் சேர்ந்து ஆடினாலும், அடிவானமும் விண்மீனும் ஒரே பார்வையில் நிற்கின்றன.

எங்கள் கரை தெற்கு வடக்காக ஓடுகிறது. இந்தக் கரையில் ஊரைக் கண்டுபிடிக்க அட்சரேகை ஒன்றே போதும். நடுக்கடலில் தன் ஊர் முடிச்சுக்கு விண்மீன் பொருந்தும் வரை தெற்கோ வடக்கோ ஓடி, பொருந்திய பின் மேற்கே திரும்பினால் ஊர் எதிரே வந்து நிற்கும். தீர்க்கரேகை தெரியாமல் பல நூற்றாண்டுகள் கப்பல் ஓடியதற்குக் காரணம் இது. அயர்லாந்தின் மேற்குக் கரையும் அப்படித்தான் கிடக்கிறது என்பதால், அவர்களும் உயரம் பார்த்து ஓடியிருக்க முடியும் என்று நான் நம்புகிறேன். அதற்குச் சிலுவை வேண்டியதில்லை. நீட்டிய கையின் விரல்களே போதும். என் தாத்தா கட்டுமரத்தில் போனவர். வெள்ளியின், அதாவது விண்மீனின், உயரத்தை விரல் அளவில்தான் சொல்வார். மீதியை ஆழமும், ஈயக் குண்டில் ஒட்டி வரும் மணலும் சேறும் அவருக்குச் சொல்லிவிடும்.

கெடிலக்கரையான் (கேள்வி கேட்டவர்):

மூவருக்கும் நன்றி. ஒரு வாரம் இந்தப் பதில்களோடுதான் இருந்தேன்.

தேவனாம்பட்டினத்துத் தம்பி சொன்ன பலகையைச் செய்தேன். பலகையின் உயரம் 10 சென்டிமீட்டர். கணக்கிட்டால் சென்னை முடிச்சு கண்ணிலிருந்து 43.6 சென்டிமீட்டரிலும், புதுச்சேரி முடிச்சு 47.8 இலும், கடலூர் முடிச்சு 48.6 இலும், நாகப்பட்டினம் முடிச்சு 53 இலும் விழுகின்றன. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே 8 மில்லிமீட்டர் இருக்கிறது. என் சிலுவையில் அதே இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்தான். இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள இரண்டு ஊர்களைப் பிரித்துக் காட்டும் திறன் சிறிய பலகைக்கு இருக்கிறது, பெரிய சிலுவைக்கு இல்லை என்பதை என் கையே எனக்குச் சொல்லிவிட்டது.

வடிவத்தைப் பற்றியும் ஒன்று பிடிபட்டது. வட்டத்துக்குள் சிலுவை என்பது வானத்தை நோக்கும் எவருக்கும் தானாகவே கிடைக்கும் உருவம். கோயிலுக்கு மனை கோலும் ஸ்தபதி, தரையில் சங்கு எனும் முளையை நட்டு அதைச் சுற்றி வட்டம் இடுகிறார். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் புள்ளியையும் மாலையில் தொடும் புள்ளியையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு. அதற்குக் குறுக்கே தெற்கு வடக்குக் கோடு. தரையில் இப்போது இருப்பது வளையமிட்ட சிலுவை. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் இடத்திலும், இரு கோல்களின் நிழல் சாயாத நண்பகலில் நூலறிந்தோர் கயிறிட்டுத் திசை கொள்வதைக் காண்கிறோம். அயர்லாந்துக்காரரும் நாமும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றோம் என்று கொள்ளத் தேவையில்லை. ஒரே சூரியன் இரண்டு இடத்திலும் ஒரே கோட்டை வரைந்தது.

ஆயினும் மில்லரை உந்திய கேள்வியை நான் கைவிடவில்லை. டிக்குயில் என்ற ஐரியத் துறவி 825 இல் எழுதும்போது, முப்பது ஆண்டுகளுக்கு முன் துறவிகள் சிலர் வடக்கே தூலே என்னும் தீவில், இன்றைய ஐஸ்லாந்து என்று கொள்ளப்படும் இடத்தில், தங்கியதைச் சொல்கிறார். கோடையில் சூரியன் மறைந்தும் மறையாமலும் இருந்ததால் நள்ளிரவிலும் சட்டையில் பேன் எடுக்கும் அளவுக்கு வெளிச்சம் இருந்ததாம். அவர்கள் போனார்கள், திரும்பினார்கள். எதைக் கொண்டு வழி கண்டார்கள் என்பது உண்மையான கேள்வி. கருவி கிடைக்காததால் அறிவே இல்லை என்று முடிவு செய்யவும் முடியாது. நம் புதுச்சேரியில் 1825 இல் ஜான் வாரன் என்ற வானியலாளர் சந்தித்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே அந்த ஆண்டு மே மாத இறுதியில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கம் 4 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகின. அந்தச் சோழிகள் மட்டும் மண்ணில் கிடைத்திருந்தால் அவற்றை யார் வானியல் கருவி என்று அடையாளம் கண்டிருப்பார்கள்? வாரன் எழுதி வைத்ததனால்தான் நமக்குத் தெரிகிறது. டிக்குயிலின் துறவிகளுக்கு ஒரு வாரன் அமையவில்லை.

ஒன்று மட்டும் மீதமிருக்கிறது. நூலும் குண்டும் படகில் நிற்காது என்று மாலுமி ஐயா சொன்னதை நான் இன்னும் செய்து பார்க்கவில்லை.

முன்னாள் மாலுமி (புதுச்சேரி):

செய்து பாருங்கள் ஐயா. மார்ச் முதல் வாரத்தில் இரவு பத்தேகால் மணி அளவில் துருவ விண்மீன் துருவத்துக்கு நேர் மேற்கே, துருவத்தின் அதே உயரத்தில் நிற்கும். அப்போது விண்மீனின் இடத்துக்கான திருத்தம் இல்லாமல் அளவையும் அட்சரேகையையும் நேராக ஒப்பிடலாம். நிலவு இல்லாத இரவாக வேண்டாம். அடிவானம் தெரியாவிட்டால் பலகை பயன்படாது. அரை நிலவாவது இருக்கட்டும். இரண்டு கருவிகளிலும் இருபது இருபது அளவுகள் எடுத்து, சிதறலையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தேவனாம்பட்டினத்தான்:

படகுக்கு நான் பொறுப்பு. ஏப்ரல் 15 இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முன்பு கடல் அடங்கியிருக்கும் நாளாகப் பார்த்துச் சொல்கிறேன். வடக்கே தடையில்லாத அடிவானம் வேண்டும் என்றால் கரையிலிருந்து நன்றாக உள்ளே போக வேண்டியிருக்கும். கரை வெளிச்சம் கண்ணில் படாத தொலைவு வரை போவோம். சிலுவையையும் பலகையையும் சேர்த்தே எடுத்து வாருங்கள். முடிச்சில் மெழுகு தடவிக்கொள்ளுங்கள், ஈர உப்புக் காற்றில் நூலின் நீளம் மாறும்.